வாசலை அடைத்து நிறுத்தப்படும் வண்டிகள்: சண்டையும் போடாமல், விட்டும் கொடுக்காமல் என்ன செய்வது?

தெற்குச்சன்னல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு கேட்டை அடைத்து வண்டி நிறுத்துவது அன்றாட வழக்கமாகிவிட்டது. எதிர்வரிசையில் புதிதாக ஒரு பயிற்சி மையம் வந்திருக்கிறது. பிள்ளைகளை விட வருகிறவர்கள், கூட்டிப்போக வருகிறவர்கள், பக்கத்து வீட்டு விருந்தாளிகள் என்று எல்லோர் கண்ணிலும் எங்கள் கேட்டுக்கு முன்னால் இருக்கும் இடம்தான் படுகிறது. தெருவில் அந்த ஓர் இடம் மட்டும்தான் காலியாகக் கிடக்கும். அது கேட் என்பதால்தான் காலியாகக் கிடக்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

என் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இயந்திரத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் நேரம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் தாமதமாகப் போனால் அடுத்தவரின் நேரத்தை எடுத்துக்கொள்ள முடியாது. அம்மாவின் நேரத்தைத்தான் குறைப்பார்கள். நேரம் குறைந்தால் உடம்பில் தேங்கிய நீர் முழுவதும் வெளியேறாது. அன்று இரவு அவரால் படுத்து மூச்சுவிட முடியாது. இதை விளக்கிச் சொன்னாலும், "இரண்டு நிமிடம்தானே, இதோ எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். வண்டி யாருடையது என்று தெரியாமல் தெருவில் நின்று ஹார்ன் அடிப்பதும், ஒவ்வொரு கதவாகத் தட்டுவதும் எங்கள் வேலையாகிவிட்டது.

"வாகனம் நிறுத்தாதீர்" பலகை வைத்தோம். பணிவாகவும் பேசினோம், கோபமாகவும் பேசினோம். இன்று பேசி ஒருவர் புரிந்துகொண்டால் நாளைக்கு வருகிறவர் வேறொருவர். உங்களில் யாராவது இதை முழுமையாகத் தீர்த்திருக்கிறீர்களா? புலம்பலுக்காகக் கேட்கவில்லை, வழி தெரிய வேண்டும்.

ஆறாம்விரல்

நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டு பேருக்குச் செய்தால் போதும், தெரு முழுக்கச் செய்தி பரவிவிடும். அடுத்தவர் வாசல் என்ற எண்ணமே இல்லாதவர்களிடம் பணிவாகப் பேசிப் பேசித்தான் நாம் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம். நோயாளி இருக்கும் வீடு என்று சொன்ன பிறகும் எடுக்காதவனுக்கு எதற்கு மரியாதை?

பழையசாவி

ஆறாம்விரல், உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் சொன்ன வழி தவறு. காற்றுப் போன வண்டி நகராது. பத்து நிமிடத்தில் போயிருக்க வேண்டியது, ஆள் வந்து டயரைச் சரிசெய்யும் வரைக்கும் அதே கேட்டுக்கு முன்னால்தான் நிற்கும். அன்று அந்த அம்மா மருத்துவமனைக்கு எப்படிப் போவார்?

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. காற்றுக் குறைந்திருப்பதைக் கவனிக்காமல் வண்டிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடலாம். உள்ளே குழந்தைகள் இருப்பார்கள். கீறல் போடுவது, கண்ணாடியை மடக்கி உடைப்பது, சக்கரத்தில் நாமே சங்கிலி போடுவது எல்லாம் இதே வகைதான். அடுத்தவர் உடைமைக்குச் சேதம் செய்வது எந்த நாட்டிலும் குற்றம். புகார் கொடுக்க வேண்டியவர் நீங்கள்; அந்த ஒரு செயலால் புகாருக்கு உள்ளாகிறவராகிவிடுவீர்கள். வண்டியை இழுத்துச் செல்லவும் சக்கரத்தைப் பூட்டவும் அதிகாரம் உள்ளவர்கள் தனியாக இருக்கிறார்கள். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தவோ சக்கரப் பூட்டுப் போடவோ சீருடையில் உள்ள காவல் அதிகாரி அனுமதிக்கலாம் என்கிறது. செலவு வண்டி உரிமையாளரைச் சேரும். மற்ற நாடுகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

தெற்குச்சன்னல் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்பது தயவு அல்ல. 1968இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 23ஆவது உறுப்பு, வளாகங்களுக்குள் வண்டி நுழையும் வாயிலுக்கு முன்னால் நிறுத்தக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. ஒழுங்காக நிற்கும் இன்னொரு வண்டி வெளியே வர முடியாதபடி மறித்து நிறுத்துவதையும் அது தடுக்கிறது. அந்த உடன்படிக்கையில் சேராத நாடுகளின் விதிகளிலும் இது உண்டு. இந்தியாவின் 1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளிலேயே வளாக நுழைவாயிலை மறித்து நிறுத்தக் கூடாது என்று எழுதப்பட்டிருந்தது. ஜெர்மனியில் வாயிலுக்கு முன்னால் நிறுத்தத் தடை இருப்பதோடு, தெரு குறுகலாக இருந்தால் வாயிலுக்கு எதிர்ப்புறத்திலும் நிறுத்தக் கூடாது. ஜப்பானில் வாகனக் கூடத்தின் வாயிலிலிருந்து 3 மீட்டருக்குள் நிறுத்தக் கூடாது. ஆகவே பலகை வைத்தாலும் வைக்காவிட்டாலும் வழி உங்களுடையது. கெஞ்சுகிற குரலில் பேச வேண்டிய தேவையே இல்லை. கத்தவும் தேவையில்லை.

ஆறாம்விரல்

சட்டம் இருக்கிறது, சரி. தொலைபேசியில் அழைத்தால் வருவதற்கு ஆள் இருக்கிறாரா? அவர்கள் வந்து சேர்வதற்குள் வண்டிக்காரர் போய்விடுவார். பிறகு நாம்தான் பொய் சொன்னவர்களாகத் தெரிவோம்.

இரவுப்பணி

நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நோயாளி வீட்டு வாசல் வரைக்கும் வண்டி போக முடியாமல் தெருமுனையில் நிறுத்திவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடுவது எங்களுக்குப் புதிதல்ல. இதயம் நின்றுபோன ஒருவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பது தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. அருகில் யாராவது மார்பை அழுத்திக்கொண்டிருந்தால் அந்தச் சரிவு சற்று மெதுவாகும், அவ்வளவுதான். "இரண்டு நிமிடம்தானே" என்கிறவர்கள் அந்த இரண்டு நிமிடத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும்.

தீயணைப்பு வண்டியின் அகலம் ஏறத்தாழ 2.5 மீட்டர். அது நுழைந்தால் மட்டும் போதாது; பக்கக் கதவுகளைத் திறந்து குழாயை எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் கார் நிற்கும் தெருவில் அதற்கு இடம் இருக்காது. உங்கள் தெருவில் கேட்டை அடைக்கும் அதே கார் பெரும்பாலும் தெருவையும் அடைத்துக்கொண்டுதான் நிற்கும். புகார் எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு வீட்டின் தொல்லை என்று படித்தால் தள்ளிவைப்பார்கள். அவசர வண்டி நுழைய முடியாத தெரு என்று இருந்தால் அப்படித் தள்ளிவைப்பது கடினம்.

வளைவுக்கோடு

எதிர்ப்புறம் நிறுத்துகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அவர்களில் பலர் கெட்ட எண்ணத்தோடு நிறுத்துவதில்லை. "நான் உங்கள் கேட்டையா மறைத்தேன்? எதிர்ச்சுவரை ஒட்டித்தானே நிறுத்தியிருக்கிறேன்" என்று உண்மையாகவே குழம்பிப் போய்க் கேட்பார்கள். கேட்டுக்கு நேரே எதிரில் நிற்கும் வண்டி, கேட்டிலேயே நிற்கும் வண்டியைப் போலவே வழியை அடைத்துவிடும் என்பது காரோட்டத் தெரிந்தவர்களுக்கே கூட உடனே தோன்றுவதில்லை.

ஒரு சிறிய காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர். அது முழுவட்டம் அடித்துத் திரும்ப 10 மீட்டர் அளவுக்கு விட்டம் தேவை. முன்சக்கரங்கள் மட்டும்தான் திரும்புகின்றன. பின்சக்கரங்கள் உட்புறமாகச் சற்றுக் குறுக்கே வெட்டிக்கொண்டு பின்தொடர்கின்றன. கேட்டிலிருந்து வெளியே வரும் கார், மூக்கைத் தெருவின் மறுகரை வரைக்கும் நீட்டினால்தான் பின்பக்கம் கேட் தூணில் இடிக்காமல் திரும்ப முடியும். 4 மீட்டர் தெருவில் எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு கார் நின்றால் மிச்சம் 2.3 மீட்டர்கூட இருக்காது. நேராகப் போகிற வண்டிக்கு அது போதும். திரும்புகிற வண்டிக்குப் போதவே போதாது. அந்த வழியாக நேராக ஓட்டிச் சென்றவருக்குத் தெரு திறந்திருப்பதாகத் தோன்றுவது இதனால்தான்.

ஆகவே அவர்களிடம் "ஏன் இங்கே நிறுத்தினீர்கள்" என்று தொடங்காமல், "வாருங்கள், என் வண்டி எப்படித் திரும்பும் என்று காட்டுகிறேன்" என்று கேட் தூணையும் எதிர்ச்சுவரையும் காட்டிப் பேசிப் பாருங்கள். ஒரு முறை நேரில் பார்த்தவர் திரும்ப அங்கே நிறுத்துவது அரிது.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக்குத் திரும்பும்போதே, தெரு காலியாக இருக்கும் நேரத்தில், காரைப் பின்புறமாக உள்ளே விட்டுவிடுங்கள். முன்பக்கம் தெருவைப் பார்த்து நிற்கும் கார் வெளியே வரத் தேவைப்படும் இடம், பின்னோக்கி வெளியே வரும் காருக்குத் தேவைப்படுவதைவிடக் குறைவு. பின்னோக்கி வரும்போது முன்பக்கம் அகலமாக வீசித் தூணில் இடிக்கும். எதிரில் வண்டி பாதி மறைத்து நிற்கும் நாட்களில் இந்த வேறுபாடே போதுமானதாக இருக்கலாம். அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது தெருவையும் நன்றாகப் பார்க்க முடியும்.

ஈரக்காற்று

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். பயிற்சி மையத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மார்களில் நானும் ஒருத்தி. உங்கள் தெரு அல்ல, வேறு தெரு. நான் யாருடைய கேட்டையும் மறிப்பதில்லை; பிரதான சாலையில் நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு நடந்து வருகிறேன். ஆனால் அந்த வாசலில் நிறுத்துகிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். சில குறிப்பிட்ட ஆட்கள் மட்டும்தான் தவறு செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வகுப்பு முடியும் நேரத்தில் நாற்பது, ஐம்பது வண்டிகள் ஒரே நேரத்தில் அங்கே வந்தாக வேண்டிய ஏற்பாட்டைச் செய்தது அந்த மையம். எங்கே நிறுத்த வேண்டும் என்று பெற்றோரிடம் அவர்கள் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. சேர்க்கைக்குப் பணம் வாங்கும்போது சொல்லலாம், குறுஞ்செய்தியில் சொல்லலாம், வகுப்பு முடியும் நேரத்தில் வாசலில் ஒருவரை நிறுத்தலாம். எதுவும் செய்வதில்லை.

தெற்குச்சன்னல் அக்கா, ஒவ்வொரு காராகப் பார்த்துப் பேசி உங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மையத்தை நடத்துகிறவரிடம் பேசுங்கள். பிள்ளைகளின் பெற்றோர் அவர் சொன்னால் கேட்பார்கள். அவருக்குத் தெருவாசிகளோடு மனக்கசப்பு வந்தால் தொழிலுக்குக் கேடு, அதனால் அவரும் கேட்பார். இன்னொன்றும் சொல்கிறேன். வகுப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் முடியாமல் கால் மணி நேர இடைவெளி விட்டு முடிந்தாலே நெரிசல் பாதியாகக் குறையும். அதையும் கேட்டுப் பாருங்கள்.

தெற்குச்சன்னல்

ஈரக்காற்று, இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி. காரோட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர்களை அங்கே வரவழைக்கும் இடத்தைப் பார்க்கவில்லை.

செங்காந்தள்

எங்கள் வீட்டுக்கு முன்னால் சுவர் நீளம் முழுக்கப் பெரிய பூந்தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டோம். அன்றிலிருந்து தொல்லை இல்லை. சொந்தப் பணத்தில் இடம் வாங்கி வீடு கட்டியிருக்கிறோம். நம் வீட்டுக்கு முன்னால் யார் யாரோ வந்து வண்டியைப் போட்டுவிட்டுப் போக நாம் ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? கல் வைத்தாலும் சரி, சங்கிலி கட்டினாலும் சரி, இடத்தைப் பிடித்து வைத்தால்தான் நடக்கும்.

பழையசாவி

செங்காந்தள் அம்மா, இங்கே நான் உங்களோடு உடன்பட முடியாது. இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாத் தெருக்களிலும் பாதிச் சண்டைக்குக் காரணம் இந்தக் குழப்பம்தான்.

உங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெரு உங்களுடையது அல்ல. தெருவிலிருந்து உங்கள் வீட்டுக்குப் போகும் வழி உங்களுடையது. கேட் அகலமும், வண்டி திரும்பத் தேவையான இடமும் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதை யாரும் மறுக்க முடியாது. சுவரை ஒட்டிய மீதி இடத்தில், நிறுத்தத் தடை இல்லாத தெருவாக இருந்தால், யார் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தலாம். பிரிட்டனின் 2004ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தில் இது தெளிவாகத் தெரியும். வண்டி ஏறுவதற்காக நடைபாதை விளிம்பைத் தாழ்த்தியிருக்கும் இடத்தில் நிறுத்தக் கூடாது. அது ஒரே வீட்டுக்கான வழியாக இருந்து அந்த வீட்டுக்காரரே சம்மதித்தால் விலக்கு உண்டு. வழியை மட்டும் காக்கிறது அந்தச் சட்டம். சுவரின் நீளத்தை வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

கல்லும் தொட்டியும் பொதுத் தெருவில் வைத்தால் அதுவும் தடைதான். இரவில் பைக்கில் வருகிறவர் அதில் மோதி விழுந்தால் பொறுப்பு வைத்தவரைச் சேரும். உங்கள் கேட்டை ஒருவர் அடைத்ததாக நீங்கள் புகார் கொடுக்கும் நாளில், அதிகாரி வந்து முதலில் பார்ப்பது உங்கள் தொட்டிகளைத்தான். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது அதை நாமே பலவீனப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு வீடும் தன் சுவர் நீளத்தைப் பிடித்து வைத்தால் தெருவுக்கு வருகிறவர்களுக்கு மிஞ்சும் இடம் எது? கேட்டுகள் மட்டும்தான்.

செங்காந்தள்

கடைசி வரி யோசிக்க வைக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் கார் நிறுத்த உள்ளே இடம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். தொட்டிகளை எடுத்தால் எங்கள் காரை எங்கே விடுவது?

பழையசாவி

அது வேறு கேள்வி அம்மா, அதற்கான விடை தொட்டி அல்ல. ஜப்பானில் 1962ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருப்பதைக் காட்டினால்தான் பெரும்பாலான பகுதிகளில் வண்டியைப் பதிவு செய்ய முடியும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒரு சட்டம் இல்லாத இடங்களில் எல்லோரும் தெருவை நம்பித்தான் கார் வாங்குகிறோம். அப்படியானால் தெருவை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நெடுவழி

எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். இதே தொல்லை எங்களுக்கும் இருந்தது, பக்கத்தில் ஒரு விழா மண்டபம். முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட் மறிக்கப்படுவது இப்போது அரிதாகிவிட்டது. எது பலன் தந்தது, எது தரவில்லை என்று எழுதுகிறேன்.

பலன் தராதது பலகை. தெருவில் எல்லாச் சுவரிலும் அந்தப் பலகை தொங்குகிறது, கேட் இல்லாத இடத்திலும் தொங்குகிறது. அதனால் அதற்கு மதிப்பே போய்விட்டது. நாங்கள் சுவர்ப் பலகைகளை எல்லாம் கழற்றச் சொன்னோம். கேட்டுகளில் மட்டும் வைத்தோம். "வாகனம் நிறுத்தாதீர்" என்பதை மாற்றி, "இந்த கேட் இரவும் பகலும் பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதினோம். நோயாளி இருக்கும் இரண்டு வீடுகளில் "நோயாளி வெளியேறும் வழி" என்று சேர்த்தோம். பலகையின் உயரத்தையும் குறைத்தோம். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 1.1 முதல் 1.2 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது; கேட்டின் உச்சியில் தொங்கும் பலகை ஓரமாக ஒட்டி நிறுத்துகிறவர் கண்ணில் படுவதே இல்லை. இரவில் தெரிவதற்கு ஒளி திருப்பும் பட்டையை கேட்டின் இரண்டு ஓரத்திலும் ஒட்டினோம். இருட்டில் மூடிய கேட்டும் சுவரும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதற்காக வெளியூர்க்காரரைக் குறை சொல்ல முடியாது.

மிகவும் பலன் தந்தது தரையில் போட்ட கோடு. உள்ளாட்சி அலுவலகத்தில் தெரு முழுவதற்கும் ஒரே மனுவாகக் கொடுத்து அனுமதி வாங்கினோம். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் அகலத்தைக் காட்டும் வெள்ளைக் கோடும், குறுகலான இடத்தில் எதிர்ப்புறத்திலும் அதே கோடும் போட்டார்கள். வளைவுக்கோடு எழுதியிருப்பதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. பலகையை மீறுகிறவர்கள்கூடக் கோட்டின்மேல் சக்கரத்தை வைக்கத் தயங்குகிறார்கள். எந்த இடம் தடை, எந்த இடம் தடை இல்லை என்று இரண்டையும் கோடு காட்டிவிடுகிறது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். நிறுத்த இடமே இல்லை என்று ஒருவரிடம் சொன்னால் அவர் எங்கேயாவது நிறுத்தத்தான் செய்வார். இங்கே நிறுத்தலாம் என்று காட்டினால் அங்கே போய்விடுவார்.

மண்டபக்காரரிடம் தனி ஆளாகப் போகவில்லை, ஏழெட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனோம். விழா நாட்களில் தெருமுனையில் அவருடைய ஆள் ஒருவர் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும், வண்டி மறித்தால் ஒலிபெருக்கியில் பதிவெண்ணைச் சொல்ல வேண்டும் என்று கேட்டோம். முதலில் மழுப்பினார். வாய்ப்பேச்சை நிறுத்திவிட்டு எழுத்தில் கொடுத்தோம், அதன் நகலைக் காவல் நிலையத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் கொடுத்தோம். அதன்பிறகு ஆள் நிறுத்தினார்.

ஆறாம்விரல் கேட்ட கேள்விக்கு இங்கேயே விடை சொல்கிறேன். ஒரு தடவை அழைத்தால் யாரும் வராமல் போகலாம், உண்மைதான். அதற்காகத்தான் பதிவு தேவை. ஒவ்வொரு தடவையும் ஒரு படம் எடுங்கள்: கேட், வண்டியின் பதிவெண், இரண்டுக்கும் உள்ள நெருக்கம் மூன்றும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். பதிவெண்ணை மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தால் பயனில்லை, அது எங்கே நின்றது என்று தெரியாது. ஓட்டுநர் முகத்தையோ குழந்தைகளையோ எடுக்காதீர்கள், சண்டை அங்கே திசைமாறிவிடும். தேதி, நேரம், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், அன்று எதற்காக வெளியே போக வேண்டியிருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு மாதப் பதிவோடு போய் உட்கார்ந்தால் உங்களிடம் பேசும் முறையே மாறும். எந்த நாளில், எந்த நேரத்தில் வந்தால் நேரில் பார்க்கலாம் என்பதும் அந்த நோட்டிலேயே தெரியும். எங்கள் பகுதியில் ஒரு காவலர் விழா நடக்கும் நேரத்தில் இரண்டு மாலை வந்து நின்றார். ஹார்ன் அடித்துச் சாதிக்காததை அது சாதித்தது.

துடுப்பு

அடுக்குமாடியில் இருக்கிறவர்களின் தொல்லை இதில் இன்னும் வரவில்லை. எங்களுக்குத் தெரு வண்டிகளால் பிரச்சினை இல்லை, உள்ளேயே இருக்கும் வண்டிகளால்தான். எனக்கு ஒதுக்கிய இடத்துக்குக் குறுக்கே பைக்கை நிறுத்தி சைடு லாக் போட்டுவிட்டு மேலே போய்விடுகிறார்கள். லாக் போட்ட பைக்கை நகர்த்தவும் முடியாது, தூக்கித் தள்ளினால் கீறல் விழும்.

நெடுவழி

துடுப்பு, அது சங்கத்தின் துணைவிதியில் எழுதப்பட வேண்டியது. தனியார் வளாகத்துக்குள் காவல்துறை பெரும்பாலும் தலையிடாது. குறுக்கே நிறுத்த நேர்ந்தால் லாக் போடக் கூடாது, கார் என்றால் நியூட்ரலில் விட வேண்டும், இல்லையென்றால் சாவியை வாயில் காவலரிடம் கொடுக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் முடிவு செய்து எழுதிவிடுங்கள். தரை சரிவாக இருந்தால் நியூட்ரல் வேண்டாம், சாவி மட்டும்தான்.

மழைத்தும்பி

காரின் முன்கண்ணாடியில் தொலைபேசி எண் எழுதிய அட்டை வைப்பது தென்கொரியாவில் சாதாரணமான பழக்கம். மறித்து நிற்கிற வண்டியின் உரிமையாளரை உடனே அழைத்துவிடலாம். நம் தெருக்களிலும் எல்லோரும் இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுமே? கதவுகளைத் தட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

ஈரக்காற்று

நான் என் எண்ணைக் கண்ணாடியில் எழுதி வைக்க மாட்டேன். பெண்கள் பலர் வைக்க மாட்டார்கள், காரணம் உங்களுக்கே தெரியும். எண்ணைக் காட்டாமல் அழைப்பை மட்டும் இணைத்துக் கொடுக்கும் கியூஆர் ஒட்டிகள் கிடைக்கின்றன, அதை வைத்திருக்கிறேன்.

எண் இருக்கிறது என்ற துணிவில் மறித்து நிறுத்துவதும் நடக்கிறது. "எண்தான் இருக்கிறதே, அழைத்திருக்கலாமே" என்று பதில் வரும். அழைக்கிற வேலை ஏன் வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும்? அட்டை அவசரத்துக்கு உதவட்டும். அது அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது.

இரவுப்பணி

ஈரக்காற்று சொல்வது மிகச் சரி. தொலைபேசி மணி அடிக்கும், எடுக்க மாட்டார்கள். வகுப்பில், திரையரங்கில், வழிபாட்டில் எல்லாம் அது அமைதியில் கிடக்கும்.

தெற்குச்சன்னல்

இடையில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பயிற்சி மையத்தின் உரிமையாளரைப் பார்த்தோம். நான் எழுதி வைத்திருந்த நோட்டையும் படங்களையும் காட்டினேன். அம்மாவும் கூட வந்தார். வர வேண்டாம் என்று சொன்னோம், கேட்கவில்லை. அவர் பேசவே இல்லை, உட்கார்ந்துமட்டும் இருந்தார். உரிமையாளர் பெற்றோருக்கு அன்று மாலையே செய்தி அனுப்பினார். வகுப்பு முடியும் நேரத்தில் ஒருவர் வாசலில் நிற்கிறார். டயாலிசிஸ் நாட்களில் நாங்கள் கிளம்பும் நேரத்தை அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், அந்த அரை மணி நேரம் கேட்டும் எதிர்ச்சுவரும் காலியாக இருக்கின்றன. காரையும் பின்புறமாகவே உள்ளே விடுகிறோம், வளைவுக்கோடு சொன்னபடி. உண்மையிலேயே இலகுவாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு விருந்தாளிகள் மட்டும் இன்னும் மாறவில்லை. அந்த வீட்டு மாமாவிடம் முன்பு மனத்தாங்கல் வந்துவிட்டதால் நேரில் பேசத் தயக்கமாக இருக்கிறது. கோடு போடுவதற்கு மனு கொடுக்கப் போகிறோம். அதில் என்ன எழுதுவது, யாருக்கு எழுதுவது என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆறாம்விரல்

அம்மா நேரத்துக்குப் போகிறார் என்று படித்ததில் மகிழ்ச்சி. மாமாவிடம் நீங்களே பேச வேண்டியதில்லை. மனுவில் அவரிடமும் கையெழுத்துக் கேளுங்கள், தெருவில் மூத்தவர் ஒருவரை அனுப்பிக் கேளுங்கள். அவருடைய கேட்டுக்கும்தானே கோடு வரப்போகிறது? கையெழுத்துப் போட்டவர் பிறகு தன் விருந்தாளியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பழையசாவி

நல்ல யோசனை, அப்படியே செய்யுங்கள். மனு சுருக்கமாக ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். உள்ளாட்சி அமைப்பின் சாலைப் பிரிவுக்கு எழுதி, நகலைப் போக்குவரத்துக் காவலுக்கு அனுப்புங்கள். யார் பெயரையும் எந்த வண்டியின் பதிவெண்ணையும் மனுவில் எழுத வேண்டாம். அவை பின்னிணைப்பாகப் படங்களில் இருந்தால் போதும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். வாசகம் இப்படி இருக்கலாம், உங்கள் அளவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்:

"எங்கள் தெருவின் அகலம் ... மீட்டர். இதில் ... வீடுகளுக்கு வாகன நுழைவாயில் உண்டு. நுழைவாயில்களுக்கு முன்னாலும் நேர் எதிரிலும் வண்டிகள் நிறுத்தப்படுவதால் குடியிருப்போரின் வாகனங்கள் வெளியே வர முடிவதில்லை. அவசர ஊர்தியும் தீயணைப்பு வண்டியும் தெருவுக்குள் நுழையும் அளவுக்கு இடம் இருப்பதில்லை. தொடர்ந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நோயாளி ஒருவர் இத்தெருவில் வசிக்கிறார். கடந்த ஒரு மாதத்தில் வழி மறிக்கப்பட்ட நாட்கள், நேரங்கள், படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு நுழைவாயிலுக்கு முன்னாலும், தெரு குறுகும் இடங்களில் எதிர்ப்புறத்திலும் தடைக்கோடு வரைந்து தருமாறும், வண்டி நிறுத்தக்கூடிய இடங்களையும் தனியே குறித்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். அளவெடுக்க வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் நாங்கள் தெருவைக் காலி செய்து தருகிறோம்."